காலிக் கட்டம் கூடாது

நான் செத்துக்கொண்டிருந்த அந்தக் காலை பத்து மணிக்கு என் இரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. நாடித்துடிப்பு எண்பது. மூச்சு நிமிடத்துக்குப் பதினெட்டு. என் கேஸ் ஷீட்டில் நீல மையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் நான் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததே இல்லை.

யார் மீதும் வழக்குப் போடுவதற்காக இதை எழுதவில்லை. மருத்துவமனையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் எதிர்வரிசையில் இருக்கும் மருத்துவமனைக்கு இலவச விளம்பரம் ஆகிவிடும். அதுவும் ஒன்றும் உசத்தி இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை, அவ்வளவு போதும்.

நான் முப்பத்தாறு ஆண்டுகள் அரசுச் செவிலியராக இருந்தவள். முதல் ஒன்பது ஆண்டுகள் கல்வராயன் மலைமேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில். பிறகு சமவெளியில் ஊர் ஊராக. கடைசியில் செவிலியர் கண்காணிப்பாளர் என்ற நாற்காலி. ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்னமும் யார் எனக்கு ஊசி போட்டாலும் நான் பார்ப்பது ஊசியை அல்ல, போடுபவர் கை கழுவினாரா என்பதை.

இப்படிப்பட்டவள்தான் மூன்று நாட்கள் வயிற்றுக்குள் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்ததை அறியாமல் இருந்தேன். அறியாமல் என்பதும் பொய். அறிய மறுத்தேன்.

முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். எழுதிக்கொடுத்த மருத்துவர் நானேதான். மூன்று வாரம், காலையும் மாலையும், வயிற்றைக் காக்கும் மாத்திரை எதுவும் இல்லாமல். இந்த மாத்திரை இரைப்பையின் உள்தோலை அரிக்கும், வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் என்னுடையது. கூடவே, இரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டு வந்தேன். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதனால் மலம் கறுத்தபோது நான் கவலைப்படவில்லை.

இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு வேறு, குடலுக்குள் இரத்தம் கசிந்து வரும் கறுப்பு வேறு. முன்னது கரும்பச்சை, கெட்டி. பின்னது தார் போலிருக்கும், ஒட்டும், அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த வித்தியாசத்தைப் பற்றி நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். என் மூக்கு எனக்குச் சொன்னது. நான் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தேன்.

இடையில் வெள்ளிமலையில் ஒரு கல்யாணம். என்னோடு மலையில் வேலை பார்த்தவரின் மகளுக்கு. போய்விட்டுத் திரும்பும்போது பேருந்தில் தலை கிறுகிறுத்தது. கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றாதவர்கள் யார் என்று அதையும் தள்ளிவிட்டேன். நோயாளி எவராவது என்னிடம் வந்து, கறுப்பாகப் போகிறது, தலை சுற்றுகிறது, வலி மாத்திரை போடுகிறேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் அவரை நிற்கவே விட்டிருக்க மாட்டேன், படுக்க வைத்திருப்பேன். எனக்கு நானே அந்த மூன்றையும் மூன்று தனித்தனி நாட்களில் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை கழிவறையில் எழுந்து நின்றதும் காதுக்குள் இரைச்சல் கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் பச்சையம்மாள். என் கணவரின் தங்கை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வைத்திருப்பவள். கண் பரிசோதனைக்காக வந்து என் வீட்டில் இரண்டு நாளாகத் தங்கியிருந்தாள்.

"இன்னா அண்ணி, தரையில குந்திக்கினு கீறீங்க?"

"தலை சுத்துது. வேற ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எந்திரிங்க பாக்கலாம்."

எழுந்தேன். எழுந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மகன் இளங்கோ விதைக்கடை வைத்திருக்கிறான். கடை திறக்கப் போனவனைப் பச்சையம்மாள் போன் போட்டு வரவழைத்து, இருவருமாக என்னைக் காரில் தூக்கிப் போட்டார்கள். ஒன்பது மணிக்கு அவசரப் பிரிவில் ஒரு கட்டிலில் கிடந்தேன். செவிலியர் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சுறுசுறுப்பானவர், ரேவதி சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"ஆயா, கைய நீட்டுங்க."

நீட்டினேன். ஆயா என்றதற்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. என் விஷயத்தில் அதுவே ஒரு நோய்க்குறி.

அழுத்தம் நூற்றுப் பன்னிரண்டுக்கு எண்பத்தெட்டு. நாடி எழுபத்தெட்டு. மூச்சை அவர் எண்ணவில்லை, பதினெட்டு என்று எழுதினார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் பார்த்த வார்டுகளில் எல்லோருமே நிமிடத்துக்குப் பதினெட்டு முறைதான் மூச்சு விடுவார்கள். ஓடி வந்தவரும் சரி, ஓய்ந்து போகிறவரும் சரி. பிறகு ஆக்சிஜன் அளவு பார்க்க என் விரலில் கிளிப்பை மாட்டினார். எண் வரவில்லை. வேறு விரல். வரவில்லை. கிளிப்பைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த மெஷின் சரியில்ல, வேற எடுத்தாங்க," என்று யாரிடமோ சொன்னார்.

இந்த இடத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது. மெஷின் சரியாகத்தான் இருந்தது. என் விரல் நுனிக்கு இரத்தம் வரவில்லை. கிளிப் ஒளியை அனுப்பி, துடிக்கும் இரத்தத்தைத் தேடி, அங்கே எதுவும் துடிக்காததால் சும்மா இருந்தது. அந்த அறையிலேயே உண்மையைச் சொன்ன ஒரே பொருள் அதுதான். அதை ரிப்பேர் என்று ஓரமாக வைத்தார்கள்.

மருத்துவத்தில் ஷாக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கெட்ட செய்தி கேட்டு வரும் அதிர்ச்சி அல்ல. மின்சாரம் தாக்குவதும் அல்ல. உடம்பின் உறுப்புகளுக்குப் போதுமான இரத்தம் போய்ச் சேராத நிலைக்குத்தான் ஷாக் என்று பெயர். இரத்தம் குறையக் குறைய உடம்பு ஒரு சிக்கன நடவடிக்கை எடுக்கும். தோலுக்கும் கை கால்களுக்கும் போகும் குழாய்களை முதலில் இறுக்கிவிடும். அதனால் கை கால் சில்லிடும், வியர்க்கும். அடுத்து குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள், அதனால் சிறுநீர் குறையும். மிச்சமிருக்கும் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும். குழாய்களை இப்படி இறுக்கிப் பிடித்திருப்பதால் பி.பி. வெகுநேரம் விழாது. மேல் எண் நல்லபடியாகத் தெரியும். கீழ் எண் மேலேறி அதை நெருங்கும். பி.பி. விழுந்த பிறகுதான் ஷாக் என்று காத்திருப்பவர், வீடு இடிந்த பிறகு விரிசலைத் தேடுகிறவர்.

என் விஷயத்தில் இன்னும் இரண்டு சிக்கல்கள். என் வழக்கமான அழுத்தம் நூற்றறுபது. எனக்கு நூற்றுப் பன்னிரண்டு என்பது நார்மல் அல்ல, பள்ளம். இரண்டாவது, அழுத்தத்துக்காக நான் சாப்பிடும் மெட்டோப்ரோலால் மாத்திரை இதயத்தை வேகமாக அடிக்க விடாது. வீட்டில் தீப்பிடித்தாலும் என் நாடி எழுபத்தெட்டில்தான் நிற்கும்.

பணி மருத்துவர் வந்தார். நல்ல பையன் முகம். முந்தைய நாளின் தூக்கம் பாக்கி இருந்தது. ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"என் வழக்கமான பிரஷர் நூத்தி அறுபது டாக்டர்," என்றேன்.

"இப்ப நூத்திப் பன்னெண்டு இருக்கு. கண்ட்ரோல்ல இருக்குன்னு சந்தோஷப்படுங்க மேடம்."

"மெட்டோப்ரோலால் போடறேன். நாடி ஏறாது. எனக்கு உள்ளே எங்கேயோ இரத்தம் போகுது."

"வாந்தியில இரத்தம் வந்துதா?"

"இல்ல. மோஷன் கறுப்பா போகுது. மூணு நாளா."

"இரும்பு மாத்திரை ஏதாச்சும் போடறீங்களா?"

போடுகிறேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்கு நன்றாகத் தெரியும். அதே நிம்மதியைத்தான் மூன்று நாட்களாகக் கழிவறையில் நானும் அடைந்துகொண்டிருந்தேன். கேஸ்ட்ரைட்டிஸ் ப்ளஸ் தலைச்சுற்றல் என்று எழுதி, ஒரு வயிற்று ஊசியும் ஒரு வாந்தி ஊசியும் சொல்லி, வார்டுக்கு மாற்றச் சொன்னார்.

இதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போர்வையை உதைத்துத் தள்ளினேன். தண்ணீர் கேட்டேன். கொடுக்கக் கூடாது என்று எனக்கே தெரியும், இருந்தும் மறுபடி கேட்டேன். மூளைக்கு இரத்தம் குறையும்போது மனிதர்கள் இப்படித்தான் ஆவார்கள். பதற்றம், எரிச்சல், சம்பந்தமில்லாத கோபம். மலையில் இருந்த காலத்தில் ஒரு பெண்ணை இப்படிப் பார்த்தேன். பிரசவம் முடிந்து இரத்தம் நிற்காமல், கம்பளியில் கட்டி மூங்கிலில் தூக்கி வந்தார்கள். அவளும் துணியை உதறிக்கொண்டே இருந்தாள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றான் அவள் கணவன். எங்களிடம் இருந்த பி.பி. கருவியின் ரப்பர் குமிழ் கிழிந்து, வேறு வேண்டி எழுதிப் போட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதனால் என் கையைத்தான் நம்பினேன். பாதத்தைத் தொட்டேன், கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணினேன். இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். அவளுக்கு ஐந்து எண்ணியும் வெளுப்பாகவே இருந்தது. இரண்டு கையிலும் சலைன் ஏற்றி ஜீப்பில் கீழே அனுப்பினோம். பிழைத்துவிட்டாள். பிறகு எனக்குப் புதுக் கருவி வந்தது, பதவி உயர்வு வந்தது, என் கை மரத்துப்போனது.

கட்டில் காலருகே பச்சையம்மாள் நின்றிருந்தாள். நான் உதைத்த போர்வையை எடுத்துப் போர்த்த வந்தவள், என் பாதத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"அண்ணி. கால் ஜில்லுனு கீது."

அந்த வார்த்தையை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதே வாயிலிருந்து. ஆறு ஆண்டுகளுக்கு முன், வேறொரு மருத்துவமனையில், என் கணவர் சிறுநீர்த் தொற்றோடு படுத்திருந்தார். தொற்று முற்றினாலும் இதே ஷாக் வரும். பச்சையம்மாள் அவர் பாதத்தைத் தடவிவிட்டு, அண்ணன் கால் ஜில்லுனு கீது, டாக்டரக் கூப்பிடுங்க என்றாள். நான் கட்டிலில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். நூற்றிருபதுக்கு எண்பது, எண்பது, பதினெட்டு. பி.பி. நார்மல், நீ போய் வெளியே உட்கார் என்றேன். அவள் போய் வெளியே உட்கார்ந்தாள். மறுநாள் அவர் இல்லை. அவள் சொன்ன பிறகு டாக்டர் வந்து பார்க்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும்தான்.

இந்த முறை அவளை வெளியே அனுப்ப யாராலும் முடியவில்லை.

"டாக்டர் தம்பி, இங்க வாங்க. இந்தக் காலத் தொட்டுப் பாருங்க."

"ஏசி ஜாஸ்தியா இருக்கும்மா. போர்வை போடுங்க."

"அதே ஏசியிலதான் நானும் நிக்கிறேன். என் கால் சூடா கீதே?"

அவர் மறுபடி ஷீட்டைப் பார்த்தார். நான் உரக்கச் சத்தம் போட ஆரம்பித்தேன். என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் ஞாபகமில்லை. பாடப் புத்தகத்தின் அத்தியாயத் தலைப்புகளைச் சொன்னேன் என்று இளங்கோ பின்னர் சொன்னான். மருத்துவர் அவனைத் தனியாக அழைத்தார்.

"வீட்லயும் இப்படித்தான் கத்துவாங்களா?"

"அம்மா எப்பவுமே இப்படித்தான் டாக்டர்," என்றான் என் ஒரே மகன்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நான் எப்போதுமே அப்படித்தான். அதுதான் ஆபத்தாகப் போனது. சாதுவான பெண்மணி ஒருத்தி திடீரென்று கத்தினால் ஏதோ கோளாறு என்று பார்ப்பார்கள். நான் கத்தினால் நலமாக இருக்கிறேன் என்று பொருள்.

"ரொம்பப் பதட்டமா இருக்காங்க. தூக்கத்துக்கு ஒண்ணு போட்டு வார்டுக்கு அனுப்பிடுங்க," என்றார் மருத்துவர்.

ரேவதி சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். அந்த ஊசி ஏறினால் என்ன நடக்கும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். மிச்சமிருக்கும் அழுத்தம் விழும். நான் அமைதியாவேன். அமைதியானவளை யாரும் எழுப்ப மாட்டார்கள். நோயாளி உறங்குகிறார் என்று எழுதுவார்கள். மாலையில் யாராவது வந்து தொட்டுப் பார்ப்பார்கள். ஷீட்டில் மட்டும் கடைசி வரை நூற்றிருபதுக்கு எண்பது இருக்கும்.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். இழுக்க வலு போதவில்லை. பச்சையம்மாள் குறுக்கே வந்து என் முழங்கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க வேணாம்னா வுட்ருங்க."

"நீங்க யாரும்மா நடுவுல?"

"நாத்தனார்தான். அவங்க வேணாம்ன்றாங்க இல்ல."

எனக்குள் கொஞ்சம் இரத்தம் மிச்சமிருந்தது. அது முப்பத்தாறு ஆண்டு அலுவலக நடைமுறைகளை நினைவுபடுத்தியது. கத்துவதை நிறுத்தினேன்.

"டாக்டர், நான் நினைவோட இருக்கேன். இந்த ஊசிய மறுக்கறேன். சிகிச்சை மறுப்புப் படிவம் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்."

மருத்துவமனையில் படிவம் கேட்கும் நோயாளியைக் கண்டு பயப்படாதவர் யாரும் இல்லை. கொண்டுவந்தார்கள். நான் பார்த்த எல்லா மறுப்புப் படிவங்களிலும் ஒரு பகுதி உண்டு, இதிலும் இருந்தது. மறுக்கும் நேரத்தில் நோயாளியின் நினைவு நிலை, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு. பரிசோதித்த மருத்துவரின் கையெழுத்து. செவிலியர் கையெழுத்து செல்லாது.

"இதுல நீங்களே பார்த்து எழுதணும். பழைய எண்ணைப் போட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூச்சை முழு நிமிஷம் எண்ணுங்க."

அவருக்கு எரிச்சல். ஆனாலும் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். முதல் முறையாக என் மணிக்கட்டைத் தொட்டார். தொட்டதும் அவர் விரல் இடம் மாறியது. இன்னும் அழுத்தித் தேடினார். பி.பி. பட்டையைக் கட்டிக் காற்றடித்து இறக்கினார். மறுபடி அடித்து இறக்கினார்.

"தொண்ணூத்தி நாலு," என்றார், தனக்குத்தானே சொல்வது போல. மூச்சை எண்ணினார். முப்பது.

"இப்ப உட்கார வச்சு ஒருமுறை பாருங்க," என்றேன். இரத்தம் குறைந்தவர் எழுந்து உட்கார்ந்தால் அழுத்தம் சட்டென்று விழும்.

"வேணாம், படுங்க மேடம், படுங்க."

படுத்திருக்கலாம். அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. ஆனால் ஒரு மணி நேரம் நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்ற வீம்பு என்னிடம் பாக்கி இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது, மணி சரியாகப் பத்து. ரேவதி சிஸ்டர் இரண்டு கைகளாலும் என் தலையைத் தாங்கியது தெரிந்தது. அதன் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் சரியாக நடந்தது. அதை மறைப்பது நியாயமில்லை. காலைத் தூக்கி வைத்தார்கள். இரண்டு கையிலும் பெரிய ஊசி, சலைன், இரத்த வகைப் பரிசோதனை. கையுறை மாட்டிய விரலால் உள்ளே சோதித்தபோது விரல் தார் பூசியது போல் கறுப்பாக வந்ததாம். அந்த மருத்துவர் அதற்குப் பிறகு என் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறுக்கும் கீழே இறங்கியிருந்தது. மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் என் மகன், ஏற்றிய இரத்தத்துக்கு ஈடாகத் தானும் கொடுத்துவிட்டு வந்தான். பஞ்சு ஒட்டிய கையைத் துப்பாக்கிக் குண்டு பட்டவன் மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று நாள் நடந்தான். எப்பவுமே இப்படித்தான் என்று சொன்னதற்கான பிராயச்சித்தமாக அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

எண்டோஸ்கோப்பி என்பது வாய்வழியாக ஒரு கேமராக் குழாயை வயிற்றுக்குள் இறக்குவது. தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையத்தை மாட்டிவிடுவார்கள். என் வாழ்நாளில் நான் எதிர்ப்பேச்சு பேசாமல் இருந்த இருபது நிமிடம் அதுதான். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு புண், அதன் நடுவே கசியும் ஒரு இரத்தக்குழாய். சுற்றிலும் மருந்து போட்டு, குழாயின் மேல் ஒரு உலோகக் கிளிப்பை மாட்டிவிட்டார்கள். துணி காயப்போடும் கிளிப்பின் கொள்ளுப்பேத்தி அளவு இருக்குமாம். அதைச் சுமந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள். அங்கே மணிக்கு ஒருமுறை சிறுநீரை அளந்தார்கள். முதல் மூன்று மணி நேரம் அரை டம்ளர்கூடத் தேறவில்லை. பிறகு மெல்ல ஏறியது. பை நிறைவதை நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். சிறுநீரகத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அதை நம்பலாம்.

பார்வையாளர் நேரம் பத்து நிமிடம். இளங்கோ வந்தால் மானிட்டரைப் பார்ப்பான். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்ன என்று கேட்பான். பச்சையம்மாள் வந்தால் மானிட்டர் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். நேராகக் கால் பக்கம் போவாள். போர்வையை விலக்கி இரண்டு பாதங்களையும் பிடிப்பாள்.

"நேத்திக்கு இப்ப தேவல. கட்டவிரல் ஒண்டி இன்னும் ஜில்லுனு கீது," என்பாள். போர்வையைச் செருகிவிட்டுப் போய்விடுவாள்.

நான்காம் நாள் வார்டுக்கு வந்தேன். ஃபைலைப் பார்க்க வேண்டும் என்றேன். நோயாளிகளிடம் கொடுப்பதில்லை என்றார் ரேவதி சிஸ்டர், அன்று அவருக்கு வார்டில் வேலை. நான் யாரென்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயா போய் மேடம் வந்திருந்தது. கொடுத்தார். பத்து மணி வரியைப் பார்த்தேன்.

"சிஸ்டர், திங்கட்கிழமை பத்து மணிக்கு எனக்கு பி.பி. பார்த்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"பத்து மணிக்கு நான் மயங்கி விழுந்தேன். நீங்க ரெண்டு கையாலயும் என் தலையப் புடிச்சிருந்தீங்க. பி.பி. பார்க்க மூணாவது கை எங்கேருந்து வந்தது?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒம்பதரைக்கே எழுதிடுவோம் மேடம். பத்து மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் ஃபைலத் தூக்கிக் கடாசுவாங்க. நாப்பது பேருக்கு நாங்க மூணு பேரு. ரூலே ஒட்டி வச்சிருக்காங்க மேடம், வேணும்னா பாருங்க."

சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தேன். செவிலியர் அறையில் மருந்து அலமாரிக் கதவின் உட்பக்கம், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. 'எந்த நேரத்திலும் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. காலிக் கட்டத்திற்கான விளக்கம் எழுத்து மூலம் பெறப்படும்.'

என் வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் என் வார்டில் நான்கு காலிக் கட்டங்களைக் கண்டுபிடித்து எனக்கு மெமோ கொடுத்த வாரத்தில் எழுதியது. என்னிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் இங்கே தலைமைச் செவிலியர். போகும் இடத்துக்கெல்லாம் அதை எடுத்துப்போயிருக்கிறார், பாவம், மரியாதையோடு. அந்த உத்தரவுக்குப் பிறகு என் பொறுப்பில் இருந்த எந்த வார்டிலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அத்தனை கட்டங்களும் எப்படி நிரம்பின என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். என் கணவரின் சார்ட்டைக் கையில் வாங்கியபோதும் தெரியும். மூன்று எண்களும் அத்தனை கச்சிதமாக இருந்தும் அவற்றை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ரேவதி சிஸ்டரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இதையும் அவர் ஏதோ நோய்க்குறி என்று நினைத்திருக்கக்கூடும்.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பணி மருத்துவர் வழியனுப்ப வந்தார்.

"அன்னிக்கு நீங்க எழுந்து உக்காந்தது தப்பு மேடம். ரொம்ப ரிஸ்க்."

"தப்புதான். இனிமே யார் காலையாவது தொட்டுப் பார்க்காம பி.பி. நார்மல்னு சொல்லாதீங்க. ரெண்டும் சரியாப் போச்சு."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சொல்ல மாட்டேன்," என்றார்.

டிஸ்சார்ஜ் காகிதங்களோடு ஒரு கருத்துப் படிவமும் வரும். எல்லோரும் 'நன்று' என்பதில் டிக் அடித்துவிட்டுப் போவார்கள். நான் பேனா கேட்டேன். இளங்கோ நெற்றியைத் தேய்த்தான். குறை என்ன என்ற கட்டத்தில், அளக்காத எண்களைச் சார்ட்டில் எழுதும்படி செவிலியர்களை நிர்ப்பந்தித்தல் என்று எழுதினேன். யார் மீது என்ற கட்டத்தில் என் பெயரையும், ஓய்வுக்கு முன் நான் வகித்த பதவியையும் முழுதாக எழுதினேன். வாங்க வந்த மேலாளர் படித்துவிட்டுக் குழம்பினார்.

"மேடம், இவங்க இங்க வேல செய்யலியே."

"செய்யறாங்க. மருந்து அலமாரிக் கதவுக்குப் பின்னாடி நின்னு வேலை செய்யறாங்க. அந்தத் தாளைக் கிழிச்சிட்டு வந்தா படிவத்தைத் தரேன்."

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தமும் பிளாஸ்டிக் உரியும் சத்தமும் கேட்டன. பச்சையம்மாள் கட்டில் காலருகே உட்கார்ந்து எனக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பாதத்தைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

"இன்னா அண்ணி எழுதறீங்க இம்மா நேரமா?"

"புகார். என் மேலயே."

அவள் இன்னொரு செருப்பையும் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினாள். அவசரமே இல்லை.

"நல்லா எழுதுங்க. எனக்கும் ஒண்ணு கீது. ஆறு வருசம் ஆச்சி. அதையும் சேத்துக்கங்க."

மேலாளர் திரும்பி வந்து படிவத்தைக் கேட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். குறை என்ன என்ற கட்டத்தில் இரண்டாவது வரியாக எழுதினேன்: கால் சில்லென்று இருக்கிறது என்று சொன்னவரை வெளியே உட்கார வைத்தது. யார் மீது என்ற கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.